அண்ணாந்து பார்த்த கூட்டங்கள்

விமானம் பறப்பதைப் பார்ப்பதற்கென்றே இலட்சக்கணக்கான மக்கள் ஓரிடத்தில் கூடும் வழக்கம் மிக அண்மையில் தோன்றியது. தேர்த்திருவிழாவுக்கும் தீமிதிப்புக்கும் கூடிய கூட்டங்களோடு ஒப்பிட்டால் அதற்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1903 டிசம்பரில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தபோது அங்கே நின்று பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1909 ஆகஸ்டில், பிரான்சின் ரேம்ஸ் நகரில் ஒரு வாரம் நடந்த விமான விழாவே உலகின் முதற் பெரும் விமானக் கூடலாகக் கருதப்படுகிறது. ஆங்கிலக் கால்வாயை ஒரு மாதம் முன்னர்தான் பறந்து கடந்திருந்த பிளேரியோ அங்கே வந்தார். அமெரிக்காவிலிருந்து கேர்ட்டிஸ் வந்தார். மக்கள் வெள்ளமாகத் திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தனர்.

அந்த அலை நம் பக்கம் வருவதற்கு நெடுநாள் ஆகவில்லை. சென்னையில் ஓட்டல் நடத்திய டாஞ்சலிஸ் என்பவர், சிம்சன் நிறுவனத்தாரின் உதவியோடு சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டி 1910இலேயே பறந்து காட்டினார். 1911 பெப்ரவரி 18ஆம் திகதி அலகாபாத் கண்காட்சியின்போது, ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் ஏறத்தாழ 6500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனியில் இறக்கினார். விமானத் தபாலின் பிறப்பு அது.

கொழும்புக்கு அந்த வேடிக்கை 1912 டிசம்பரில் வந்தது. மார்க் பூர்ப், ஜார்ஜ் வெர்மின்க் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறந்து காட்டினார்கள். குதிரைகளின் மேல் பணம் கட்டிப் பழகிய சீமான்களும், வேலிக்கு வெளியே நின்ற சாமானியர்களும், அன்று ஒரே திசையில் கழுத்தை நிமிர்த்தி நின்றிருப்பார்கள். பூர்ப் இரண்டே ஆண்டுகளில், முதலாம் உலகப் போரில் இறந்துபோனார். வேடிக்கைக்குப் பறந்த விமானம் போருக்குப் போவதற்கு எடுத்துக்கொண்ட காலம் அவ்வளவுதான்.

மலைக்கு எட்டாத வானம்

ஊவா மாகாணத்தில், பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பாதையில் இருக்கிறது லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை என்று சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மேலே மடுல்சீமை மலைகள். கிழக்கே இறங்கினால் மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளி. நான் பிறந்து வளர்ந்த மண் அது. பதுளைக்கு 1924இல் புகையிரதம் வந்துவிட்டது; ஆயினும் எங்கள் லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு விமானம் என்பது வானத்தில் ஊர்ந்து செல்லும் ஒரு வெள்ளிப் புள்ளி மாத்திரமே. "ஏரோப்பிளேன்" என்று கத்திக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு ஓடிவந்து, அது மலைக்குப் பின்னால் மறையும்வரை பார்த்து நிற்பது எங்கள் சிறுவயதின் வேடிக்கைகளுள் ஒன்று. கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் பெண்களும் ஒரு கணம் கையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்கள். கங்காணியின் சத்தம் கேட்டதும் கை மறுபடியும் தேயிலைக்குப் போய்விடும்.

அந்தப் புள்ளிக்குள் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். அவர்கள் துரைமார் என்பதும் தெரியும். நம்மவர் ஒருவர் அதில் ஏறுவார் என்று எவரும் எண்ணியதில்லை.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1947 டிசம்பர் 10ஆம் திகதி 'எயார் சிலோன்' தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே சென்றது. விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. சீதையைச் சிறை வைத்த இடம் என்று கதை வழங்கும் மலைநாட்டில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்கள் ஆகாய வழியாகவா போனார்கள்? மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதம்; அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். பிரிவோரும் வழியனுப்புவோரும் அழுத அழுகையால் அந்தப் புகையிரதத்துக்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது. சென்னைக்குப் பறக்கும் விமானம் தலைக்குமேலே போய்க்கொண்டுதான் இருந்தது.

மலையகத்துக்கு விமானம் ஒருமுறை மிக அருகில் வந்தது. அது ஒரு கொடிய நாள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி.8 விமானம், கொழும்பில் இறங்க வேண்டிய நேரத்தில் மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டுள்ளது. மலையகத்துப் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த விமானப் பகுதி அந்தச் சக்கரமாகத்தான் இருக்கும்.

பிற்பாடு எண்பதுகளிலிருந்து எங்கள் பெண்கள் விமானம் ஏறத் தொடங்கினார்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். தோட்டத்திலிருந்து முதன்முதலாக விமானத்தில் பறந்தவர் பெரும்பாலும் ஒரு தாயாகவே இருந்தார் என்பதை மலையக வரலாறு எழுதுவோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

குனிந்து கேட்ட வானம்

வேடிக்கை வானம் கொழும்பில் முதன்முறையாகப் போர் வானமானது 1942 ஏப்ரல் 5ஆம் திகதி. உயிர்த்த ஞாயிறு அது. அதற்கு முந்திய மாலை, கொக்கலையிலிருந்து வேவு பார்க்கப் பறந்த கனேடிய விமானி லியோனார்ட் பர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் காலை யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. அவற்றை எதிர்த்த பிரித்தானிய விமானங்களுட் சில, யப்பானியர் அறியாத ஓர் ஓடுபாதையிலிருந்து மேலெழுந்தன. அது எந்த இடம் தெரியுமா? முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் பூர்ப் பறந்து காட்டிய அதே குதிரைப் பந்தயத் திடல். நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. தோட்டங்களுக்கு அந்தப் போர் குண்டாக வரவில்லை. பர்மா அரிசி நின்றதால் வந்த பங்கீடாகவும் பசியாகவும் வந்தது.

ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழருக்கு வானம் வேறொன்றாக மாறியது. 1951 மார்ச் 2ஆம் திகதி தொடங்கப்பட்ட விமானப்படை, எண்பதுகளிலிருந்து தன் சொந்த நாட்டின் ஊர்களுக்கு மேலே போருக்காகப் பறந்தது. விமானங்களின் வகைகளை அங்கே கிழவிகளும் அறிவர். பொம்மர், சகடை, புக்காரா, கிபிர், வண்டு என்று ஒலியைக் கொண்டே இனம் பிரித்தார்கள். உலகின் வேறெந்த விமான விழாவுக்கு வருகிற ஆர்வலரைவிடவும் நுட்பமான அறிவு அது. பதுங்குகுழிக்குள் இருந்து பெற்ற அறிவு. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை.

அதே யாழ்ப்பாணம் ஒரு நாள் வானத்தைப் பார்த்து மகிழ்ந்ததும் உண்டு. 1987 ஜூன் 4ஆம் திகதி, முற்றுகைக்குள் இருந்த குடாநாட்டின் மீது இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து உணவுப் பொதிகளைப் போட்டன. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். வீதிக்கு வந்து கையசைத்தவர்களுள் எத்தனை பேர், அடுத்த சில மாதங்களில் அதே இந்தியப் படையோடு மூண்ட போரில் பட்ட துயரத்தை எதிர்பார்த்திருப்பார்கள்?

கொழும்பும் அச்சத்தை அறிந்தது. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. 2007இல் புலிகளின் சிறு விமானங்கள் வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில், உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த இரவில் நகரின் மின்சாரம் அணைக்கப்பட்டது. இருண்ட வானத்தைத் தேடொளிகளும் துப்பாக்கி வேட்டுகளும் கிழித்தன. அன்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சீராக அஞ்சினார்கள்.

காலிமுகத்திடல், 2021

இந்த வரலாற்றையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டுதான், 2021 மார்ச் மாதத் தொடக்கத்தில், இலங்கை விமானப்படையின் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டிக் காலிமுகத்திடலில் நடந்த வான் சாகச விழாவைப் பார்க்கப் போனேன். பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ கூட்டங்களில் நின்றிருக்கிறேன். என் மனத்தில் இனிமையாகத் தங்கிவிட்ட கூட்டம் இதுதான். கொள்ளைநோய்க் காலம், முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டுமே தெரிந்தன. கண்களை மட்டுமே காட்டி நிற்கும் ஒரு கூட்டம் அண்ணாந்து பார்ப்பது தனியழகு.

இந்தியாவிலிருந்து விமானப்படையும் கடற்படையுமாக 23 வானூர்திகள் வந்திருந்தன. முதலில் 'சாரங்' குழுவின் ஹெலிகொப்டர்கள். உடலெங்கும் மயில் தீட்டிய அவை, கடற்காற்றில் ஒன்றையொன்று உரசுவது போல் நெருங்கி, பின் பூப்போல விரிந்து பிரிந்தன. அடுத்து 'சூரியகிரண்'. சிவப்பும் வெள்ளையுமான ஹோக் விமானங்கள், ஒரே நூலில் கோத்தவை போல் கடலின் பக்கமிருந்து வந்தன. 2001இல் விமானப்படையின் ஐம்பதாம் ஆண்டுக்கும் இக்குழு இலங்கைக்கு வந்திருந்தது. இருபது ஆண்டுகளில் விமானம் மாறியிருந்தது, நேர்த்தி மாறவில்லை. கடைசியாகத் 'தேஜஸ்'. அது ஒற்றையாக வந்து, நேர் செங்குத்தாக எழுந்தபோது, இஸ்ஸோ வடை விற்றவரும் எண்ணெய்ச் சட்டியை மறந்து மேலே பார்த்தார்.

என் பக்கத்தில் மூன்று இளைஞர்கள் நின்றார்கள். பேச்சைக் கேட்டதுமே மலைநாடு என்று தெரிந்தது. விசாரித்தேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, கொழும்பில் புடைவைக் கடையில் வேலை செய்பவர்கள். 'தேஜஸ்' விமானத்தின் முதல் அணி கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள சூலூரில் நிலைகொண்டிருக்கிறது என்றும், 'சாரங்' குழுவின் இருப்பிடமும் அதே சூலூர்தான் என்றும் அவர்களுக்குச் சொன்னேன்.

அவர்களுள் இளையவன் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஐயா, நம்ம பாட்டன் ஊர்ப் பக்கத்துப் பிளேனா இது?"

அவன் பாட்டனார் சேலத்துக்காரர் என்று பின்னர் சொன்னான். சேலத்துக்கும் சூலூருக்கும் இடைவெளி உண்டு. அதை நான் சொல்லவில்லை. பாட்டன் மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறி வந்த கடலுக்கு மேலாக, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விமானம் பறந்து வந்து தனக்காக விளையாடிக் காட்டுவதாக அவன் எண்ணிக்கொண்டான். அந்த எண்ணத்தைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

எனக்கு மறுபக்கத்தில் என் நீண்டகால நண்பர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மூத்த பத்திரிகையாளர், நின்றார். 'சூரியகிரண்' தாழப் பறந்து தலைக்குமேலே சென்றபோது, அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கண்கள் தரையில் எதையோ தேடின. தோள்கள் குறுகின. ஓசை கடலுக்குள் போய் ஓய்ந்த பிறகு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கட ஆக்களுக்கு இது நிமிர்ந்து பார்க்கிற சத்தம். எங்களுக்கு இது குப்புறப் படுக்கிற சத்தம்."

ஒரு நூற்றாண்டு வரலாற்றை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது; அவரிடமும் சொன்னேன். 1977இலும் 1983இலும் வன்செயல்களுக்கு அஞ்சி, தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகத் தமிழர் பல்லாயிரவர். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்ததைக் கண்டு வடக்கே போனவர்களும் அவர்களுள் உண்டு. பிரட்டுக்களத்தில் நின்று வெள்ளிப் புள்ளியை வேடிக்கை பார்த்த அதே பிள்ளைகள்தாம், பிற்காலத்தில் வன்னியில் தம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினார்கள். 2009வரை ஓடினார்கள். நிமிர்ந்து பார்த்த கண்ணும் குப்புறப் படுத்த உடலும் ஒருவருக்கே உரியவையாக இருந்த கதை அது.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அதையும் எழுதுங்கோ" என்றார்.

அடுத்த முறை விமானங்கள் வந்தபோது அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கடைசி விமானம் கடல்மீது மறையும்வரை பார்த்தார். அந்த விழாவில் நான் கண்ட சாகசங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வேடிக்கையின் விலை

விமான விழாக்களைப் போற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வேடிக்கைக்கும் பலி உண்டு. 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் 70 பேரும், 2002இல் உக்ரேனின் லிவிவில் 77 பேரும் விமான விழாக்களில் மாண்டார்கள். 2019 பெப்ரவரியில் பெங்களூருக்கு அருகே எலகங்காவில் ஒத்திகையின்போது 'சூரியகிரண்' விமானங்கள் இரண்டு மோதி ஒரு விமானி இறந்தார். காலிமுகத்திடலில் நாம் கைதட்டிய 'தேஜஸ்' வகை விமானம் ஒன்று, 2025 நவம்பர் 21ஆம் திகதி துபாய் விமானக் கண்காட்சியில் விழுந்து நொறுங்கி, அதன் விமானியைப் பலிகொண்டது.

தரையில் நிற்போருக்கும் ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. 2024 ஒக்டோபர் 6ஆம் திகதி, இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காகச் சென்னை மெரினாவில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் கூடியதாகச் சொன்னார்கள். 72 வானூர்திகள் குறைவின்றிப் பறந்தன. ஆனால் உச்சி வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மயங்கி மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். வானத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் கணக்கிடத் தெரிந்த நாட்டுக்கு, தரையில் தண்ணீரையும் நிழலையும் வெளியேறும் வழியையும் கணக்கிடத் தெரியவில்லை.

நிமிரும் உரிமை

1947இல் 'சீதா தேவி' இறங்கி ஏறிய பலாலி, பின்னர் ஆண்டுக்கணக்கில் படைத்தளமாகவே இருந்தது. சுற்றிலும் வாழ்ந்தவர்கள் காணிகளை இழந்து அகதிகளானார்கள். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து ஒரு பயணிகள் விமானம் வந்திறங்கியது. கொள்ளைநோயால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. காணிப் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் பேரப்பிள்ளையை வரவேற்க ஒரு கிழவி பலாலியில் விமானத்துக்காகக் காத்து நிற்கிறாள் என்றால், அந்த ஊரின் வானம் சிறிதளவேனும் அவளிடம் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் பொருள்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழும் நாடுகளில் பாரிஸ், ஒஷ்கொஷ் என்று பெரும் விமான விழாக்கள் நடக்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் தடையின்றி அண்ணாந்து பார்க்கட்டும், வாய்விட்டுக் கூவட்டும். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போவீர்களானால், போர் விமானம் தாழப் பறக்கும் வேளையில் அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள். தோளில் ஒரு கை இருப்பது நல்லது.

வானம் எல்லோருக்கும் பொது என்று சொல்கிறோம். அதை நிமிர்ந்து பார்க்கும் துணிவு எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைக்கவில்லை. அது கிடைக்கும் நாளைத்தான் நான் சமாதானம் என்று சொல்வேன்.